மக்கள் வைத்த பொருளாளர்

கேள்வி: அமெரிக்காவில் பல மாநிலங்களில் கஜானாவைப் பார்த்துக்கொள்ளும் பொருளாளரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆட்சியில் இருப்பவர் வைத்த ஆளாக இல்லாமல், மக்கள் வைத்த ஆள் சாவியை வைத்திருந்தால் ஊழலுக்கு இடம் ஏது? இங்கேயும் அப்படி ஒரு பதவியைக் கொண்டுவந்தால் என்ன? (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: கலிஃபோர்னியாவில் ஜெஸ்ஸி அன்ரூ என்று ஒருவர் இருந்தார். 1974 தேர்தலில் ஜெயித்து மாநிலப் பொருளாளர் ஆனவர், 1987ல் சாகும்வரை அந்த நாற்காலியை விடவில்லை. நான்கு முறை மக்கள் ஓட்டு. அவர் கதையைக் கேளுங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

டெக்சஸ் கிராமத்தில் ஏழைக் குத்தகை விவசாயி வீட்டில் வளர்ந்து, போரில் கடற்படையில் இருந்துவிட்டு, படித்து, 1954ல் சட்டசபைக்கு வந்தவர். 1959ல் அவர் கொண்டுவந்த சட்டம், கடை, ஓட்டல் என்று எந்த வியாபார இடத்திலும் நிறம், மதம் பார்த்து ஆளை விரட்டக்கூடாது என்றது. இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. 1961ல் சபாநாயகர். அங்கே சபாநாயகர் என்றால் மணியடித்து 'அமைதி, அமைதி' என்று சொல்பவர் அல்ல. ஆளுங்கட்சியின் பெரிய தலை. 1963ல் பள்ளிகளுக்கான நிதி மசோதாவில் ஓட்டுப் போட எதிர்க்கட்சிக்காரர்கள் மறுத்தபோது, சபைக் கதவைப் பூட்டி அவர்களை இரவு முழுக்க உள்ளேயே உட்கார வைத்தார். ஆளும் பெருத்த உடம்பு. 'பிக் டாடி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

பணம்தான் அரசியலுக்குத் தாய்ப்பால் என்று சொன்னவரும் இவரே. கம்பெனிகளுக்காகச் சட்டசபை வராந்தாவில் திரியும் தரகர்களைப் பற்றி இன்னொன்றும் சொன்னார்: அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அவர்கள் வாங்கித் தரும் சாராயத்தைக் குடித்து, மறுநாள் அவர்களுக்கு எதிராகவே ஓட்டுப் போடத் தெரியாதவனுக்கு இங்கே வேலை இல்லை. (நடுவில் மூன்றாவதாக ஒரு இன்பத்தையும் சேர்த்துச் சொன்னார். இந்தப் பத்திரிகையைப் பெண்களும் குழந்தைகளும் படிக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.)

1968ல் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியில் இருந்த ராபர்ட் கென்னடியின் கலிஃபோர்னியப் பிரசாரத்துக்கு அவர்தான் தளபதி. ஓட்டலில் கென்னடி சுடப்பட்ட அந்த இரவில், கொலைகாரனைக் கூட்டம் அங்கேயே அடித்துக் கொன்றுவிடாமல் தடுத்து, போலீஸ் காரில் கூடவே ஏறிப் போனார். ஐந்து வருடத்துக்கு முன் அண்ணன், ஜனாதிபதி கென்னடியைக் கொன்றதாகப் பிடிபட்டவன் விசாரணைக்கு முன்பே சுட்டுக் கொல்லப்பட்டது நினைவில் இருந்திருக்கும்.

அதன்பின் சறுக்கல். 1970ல் ரீகனை எதிர்த்து ஆளுநர் பதவிக்கு நின்றார். (அங்கே ஆளுநர்தான் நம் முதலமைச்சர் மாதிரி.) பிரசாரத்தைத் தொடங்கவே நிருபர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ரீகனுக்குப் பணம் கொடுக்கும் ஒரு எண்ணெய்ப் பணக்காரரின் பங்களா வாசலுக்குப் போய்ப் பேசினார். வீட்டுக்காரரே வெளியே வந்து சண்டை பிடித்தார். பார்த்தவர்களுக்குப் பணக்காரர்மேல்தான் பரிதாபம் வந்தது. ரீகன் 53 சதவீதம், இவர் 45. 1973ல் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் தேர்தலிலும் முதல் சுற்றோடு சரி.

இப்படி இரண்டு முறை அடிவாங்கியவர் போய் உட்கார்ந்த இடம்தான் நீங்கள் ஆசைப்படும் பொருளாளர் பதவி. அதில் அப்படி என்ன இருக்கிறது? பட்ஜெட் போடுவது ஆளுநரின் ஆள். பில் பார்த்துப் பணம் பட்டுவாடா செய்வது கன்ட்ரோலர் என்ற இன்னொருவர். பொருளாளருக்கு மிச்சம், இருக்கும் பணத்தைப் பத்திரமாக வைப்பதும், சும்மா கிடப்பதை முதலீடு செய்வதும், மாநிலத்தின் கடன் பத்திரங்களை விற்பதும். குமாஸ்தா வேலை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அன்ரூ அந்தக் கடைசி வேலையைப் பார்த்தார். கோடிக்கணக்கான டாலர் கடன் பத்திரத்தை எந்த நிறுவனம் வாங்கி விற்றுக் கொடுப்பது? ஏலம் இல்லாமல் பேசி முடிக்கும் விற்பனைகளில் அதைச் சொல்ல வேண்டியவர் பொருளாளர். கமிஷன் கொழுத்த கமிஷன். நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் நிதி நிறுவனங்கள் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு விமானம் ஏறின. அன்ரூவின் தேர்தல் நிதிக்குத் தாராளமாக எழுதிக் கொடுத்தன. பெரிதாக எதிரியே இல்லாத தேர்தலுக்கு அத்தனை நிதி எதற்கு என்று கேட்காதீர்கள். அன்றைய சட்டப்படி அது குற்றமும் அல்ல.

அதே ஆள்தான் 1984ல் டெக்சகோ எண்ணெய்க் கம்பெனியோடு மோதினார். கம்பெனியை யாராவது வளைத்துப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், பாஸ் சகோதரர்கள் என்ற பணக்காரக் குடும்பத்திடம் இருந்த பங்குகளை மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து, சந்தை விலையைவிடக் கூடுதலாக, நிர்வாகம் வாங்கிக்கொண்டது. கலிஃபோர்னிய அரசு ஊழியர்கள், ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் டெக்சகோவில்தான் போட்டிருந்தது. வாத்தியாருக்கு அந்த விலையைக் கொடுக்க யாரும் வரவில்லை. ஓய்வூதிய வாரியங்களில் பதவிவழி உறுப்பினரான அன்ரூ மற்ற மாநில, நகர நிதிகளையும் திரட்டி, 1985ல் நிறுவன முதலீட்டாளர் கவுன்சிலை உருவாக்க முன்னின்றார். கம்பெனி முதலாளிகளை ஓய்வூதியக்காரர்களின் பணம் கேள்வி கேட்கத் தொடங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. என்னைக் கேட்டால் அவர் சட்டசபையில் செய்த எதற்கும் இது குறைந்ததல்ல.

ஆக, நல்லவரா கெட்டவரா என்றால் இரண்டும் ஒரே கையால் செய்தவர். சரி, நன்கொடைக் கூத்து எப்படி அடங்கியது? மக்கள் ஓட்டால் அல்ல. மக்கள் அவரை மறுபடி மறுபடி ஜெயிக்கத்தான் வைத்தார்கள். அவர் இறந்து ஏழு வருடம் கழித்து, 1994ல், ஒரு விதி வந்தது: பத்திர வியாபார நிறுவனம் இப்படிப்பட்ட அதிகாரிக்கு நன்கொடை கொடுத்தால், இரண்டு வருடத்துக்கு அந்த மாநிலத்தோடு பேசி முடிக்கும் வியாபாரம் கிடையாது. கொடுக்கிறவன் கையைக் கட்டிய பிறகுதான் வாங்குகிறவர் கை சும்மா இருந்தது.

நம் ஊரில் மாநிலக் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கியே ஏலம் விட்டு விற்றுக் கொடுக்கிறது. உங்கள் பொருளாளர் வந்தால் அந்தச் சபலத்துக்குக்கூட இடம் இருக்காது, வேலையும் இருக்காது. காரும் பங்களாவும் மட்டும் நாம் கொடுக்க வேண்டியிருக்கும்.

டெக்சஸ்காரர்களுக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. அங்கே மார்த்தா வைட்ஹெட் என்ற அம்மையார், இந்தப் பதவியே தேவையில்லை, ஜெயித்தால் ஒழித்துவிடுகிறேன் என்று சொல்லியே 1994ல் பொருளாளர் தேர்தலில் நின்று ஜெயித்தார். அடுத்த வருடம் மக்களிடம் வாக்கெடுப்பு. 1996ல் அலுவலகத்தைக் கன்ட்ரோலரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.