பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீடு

கேள்வி: டோக்கியோவுக்கும் பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் இடையே தூரம் 7,800 கிலோமீட்டர், விமானத்தில் 10 மணி நேரம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. என் டிக்கெட்டில் 13 மணி நேரம். எது சரி?

பதில்: டிக்கெட்தான் சரி. ஆனால் 'தூரம்' என்று எழுதிவிட்டீர்கள், அதை விட மனசில்லை. எவ்வளவு தூரம் என்று வழியில் யாரிடம் கேட்டாலும் 'அரை மணி நேரம்' என்றுதான் நம் ஆட்கள் சொல்வார்கள். அதுதான் ஒழுங்கான பதில் என்று இதே பக்கத்தில் முன்பு எழுதியதற்குக் கணக்கு ஆசிரியர்கள் சிலர் கோபமாகக் கடிதம் போட்டார்கள். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை. கிலோமீட்டரை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணியைச் சேர்த்துச் சொல்லும் தளங்களுக்கு, யார் வீட்டு மாடி வழியாகப் போகிறோம் என்பது தெரியாது.

ஒரு உலக உருண்டையும் ஒரு முழம் நூலும் எடுங்கள். சுவரில் மாட்டும் வரைபடம் வேண்டாம், கிரீன்லாந்தை ஆப்பிரிக்கா அளவுக்கு ஊதிக் காட்டிப் பிள்ளைகளைக் கெடுத்தது அதுதான். நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தால், ஜப்பான் கடலைத் தாண்டி, சீனாவின் வடகிழக்கு மூலையைத் தொட்டு, அப்புறம் சைபீரியா, சைபீரியா, சைபீரியா. ஆர்க்டிக் வட்டத்தை உரசிக்கொண்டு போய் பின்லாந்தில் இறங்கும். பின்லாந்துக்கு ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை, ஜப்பானின் வடமுனையிலிருந்து ரஷ்யாவின் சகலின் தீவு வெறும் 43 கிலோமீட்டர். பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீடு, அவ்வளவுதான். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்கு வழி எங்களுடையது என்று சொல்லியே பின்லாந்தின் பின்னேர் விமான நிறுவனம் பல வருடம் வியாபாரம் செய்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியது, ஐரோப்பா ரஷ்ய விமானங்களுக்கு வானத்தை அடைத்தது, பதிலுக்கு ரஷ்யா 36 நாட்டு விமானங்களுக்கு அடைத்தது. நடு வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டார். மார்ச்சில் பின்னேர் வட துருவத்தின் மேலாகச் சுற்றிக்கொண்டு டோக்கியோ போக ஆரம்பித்தது, கிட்டத்தட்ட 13 ஆயிரம் கிலோமீட்டர். சீன விமானங்களோ இன்றும் ரஷ்யாவின் மேலேயே ஐரோப்பா போய் வருகின்றன.

இதில் எனக்கு ஆறாத விஷயம், இது பழைய வழி என்பதுதான். சோவியத் காலத்திலும் அந்த வானம் வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் அடைத்தேதான் கிடந்தது; ஐரோப்பா போன ஜப்பானியர்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் நிரப்பக் காத்திருப்பார்கள். அங்கே பாடம் செய்து நிறுத்திய வெள்ளைக் கரடி ஒன்று, ஆவி பறக்கும் ஊடோன் நூடுல்ஸ் கடை ஒன்று. அந்த வயதுக்காரர்கள் இன்றும் அந்த ஊடோனைப் பற்றிப் பேசுகிறார்கள். 1983-இல் பின்னேர் டிசி-10 விமானத்தில் துருவத்தைச் சுற்றி எங்கும் நிற்காமல் டோக்கியோ போனபோது அது சாதனை. 39 வருடம் கழித்து அதே சுற்று, அதே காரணம்; என்னால் கைதட்ட முடியவில்லை.

காற்றைப் பார்த்துச் சில நாள் தெற்கே சீனா, கஜகஸ்தான் வழியாகவும் விடுவார்கள். துருவ வழி கிடைத்தால், துருவத்தைக் கடந்ததற்கு விமானத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.