பழைய கோஸ்ட் பூட் டிஸ்க் புது லேப்டாப்பில் ஏன் ஓடவில்லை?

வட்டை முழுதாக நகலெடுக்கும் டாஸ் காலத்து நார்ட்டன் கோஸ்ட் மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றியும் புது லேப்டாப் அதைச் சீண்டவே இல்லை என்கிறீர்கள். பென்டிரைவில் கோளாறு இல்லை. அந்த கோஸ்ட் கணினியைத் தொடக்கிவைக்கும் பழைய பயாஸை நம்பி எழுதப்பட்டது. இப்போதைய லேப்டாப்கள் பெரும்பாலும் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ மட்டும்தான். கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடங்கவிடாத செக்யூர் பூட்டை அணைத்தால் மட்டும் போதாது. லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் செட்டப்பில் 'லெகசி' அல்லது 'சிஎஸ்எம்' (பழைய பயாஸ் முறை) என்ற வரி இருந்தால்தான் வழி உண்டு. இல்லையென்றால் மல்லுக்கட்டாமல் இலவச நகலெடுப்பு மென்பொருளான குளோன்சில்லாவின் 64 பிட் பதிப்புக்கு மாறுங்கள்.

எதையும் தொடும் முன் வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செட்டப்பை மாற்றியதும் விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

பூட் ஆன பிறகும் எஸ்எஸ்டி தெரியவில்லையா? 11-ஆம் தலைமுறை இன்டெல் தொடங்கி விஎம்டி என்ற சேமிப்பக அமைப்பு அதை மறைக்கக்கூடும். செட்டப்பில் விஎம்டியை அணைத்துவிட்டு நகலெடுங்கள், அப்புறம் மறக்காமல் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும்.

கையில் இருக்கும் பழைய கோஸ்ட் இமேஜை (வட்டின் நகல் கோப்பை) அப்படியே புது லேப்டாப்பில் இறக்காதீர்கள், பூட் ஆகாது. விண்டோஸில் கோஸ்ட் எக்ஸ்புளோரரால் திறந்து கோப்புகளை மட்டும் எடுங்கள்.