கடன் வாங்கிச் செலுத்தும் தசமபாகம்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். என் கணவர் சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒரு பங்கை எடுத்து உறையில் வைத்துவிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் வழக்கம். எனக்கும் அதில் சந்தோஷமே. ஆனால் ஒரு வருஷமாக வீட்டுக் கடனோடு மாமனாரின் சிகிச்சைச் செலவும் சேர்ந்துகொண்டது. போன மாதம் தவணை கட்ட வழியில்லாமல் என் தம்பியிடம் கைமாற்று வாங்கினோம். அந்த மாதமும் உறை தவறவில்லை. 'முதலில் தேவனுக்குக் கொடு, கொடுக்காதவன் வீட்டில் சாபம் தங்கும்' என்று வேதாகமத்தின் மல்கியா புத்தகத்தை வைத்து எங்கள் போதகர் அடிக்கடி பிரசங்கிக்கிறார். கணவருக்கு அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. மாமனாருக்கு வாங்க வேண்டிய மருந்தைக்கூட அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார். சபைக் கூட்டத்தில், வரவுசெலவை எல்லோருக்கும் காட்டலாமே என்று நான் கேட்டேன். 'கொடுப்பதோடு உங்கள் கடமை முடிந்தது, கணக்கை நாங்கள் கர்த்தரிடம் ஒப்புவிப்போம்' என்றார்கள். அன்றிலிருந்து நான் விசுவாசம் குறைந்தவள் என்று பேர். தசமபாகம் நமக்குக் கட்டாயமா? மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா? நான் கணக்குக் கேட்டது தவறா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புச் சகோதரிக்கு,

முதலில் மருந்து. இன்றைக்கே வாங்குங்கள். உறையில் இருக்கும் பணத்தை எடுத்தாவது வாங்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு மாற்கு 7-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. தகப்பனுக்கோ தாய்க்கோ செய்ய வேண்டிய உதவியை ஒருவன் 'கொர்பான்', அதாவது தேவனுக்குப் படைத்தாயிற்று என்று சொல்லிவிட்டால், அதன்பின் பெற்றோருக்கு அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அன்றைய வேதபாரகர் அவனை விட்டுவிட்டார்கள். உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு அவர்களைக் கடிந்துகொண்டார். உங்கள் கணவரை அந்த வரிசையில் நான் நிறுத்தவில்லை. அவர் பயத்தில் செய்கிறார். ஆனால் படுக்கையில் கிடக்கிற தகப்பனுக்கு இரண்டும் ஒன்றுதான், மருந்து வரவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைவிடக் கடுமையாக நான் எதையும் எழுதப்போவதில்லை. 1517-ல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கூற்றுகளில் 46-ஆவதும் இதையே சொல்கிறது: தேவைக்கு மிஞ்சி இல்லாதவர்கள் வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொள்ள வேண்டும், அதைப் பாவமன்னிப்புச் சீட்டில் விரயம் செய்யக் கூடாது.

தம்பியிடம் வாங்கிய பணத்தையும் யோசியுங்கள். கைமாற்று வாங்கிய மாதத்தில் உறைக்குள் போனது உண்மையில் யாருடைய பணம்? தம்பி அதை உங்கள் கஷ்டத்துக்குக் கொடுத்தார், காணிக்கைக்குக் கொடுக்கவில்லை. வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தாதவனைச் சங்கீதம் 37 துன்மார்க்கன் என்கிறது. கடனை அடைப்பதும் தேவனுக்கு முன்பாகச் செய்கிற காரியந்தான்.

இனி மல்கியா. உங்கள் வீட்டுக்குள் பயம் வந்தது அந்தப் புத்தகத்தின் வழியாக என்பதால் அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?' என்பது மூன்றாம் அதிகாரம் எட்டாம் வசனம். முதலிலிருந்து வாசித்து வருகிறவர் அந்த இடத்துக்கு வருமுன் வேறு சிலரைக் கடந்து வர வேண்டும். முதல் அதிகாரத்தில், குருடும் ஊனமுமான மிருகங்களைப் பலிபீடத்தில் ஏற்றிய ஆசாரியர்கள். இரண்டாம் அதிகாரம் தொடங்குவதே, ஆசாரியர்களே, இந்தக் கட்டளை உங்களுக்குரியது என்றுதான். உங்கள் ஆசீர்வாதங்களைச் சாபமாக்குவேன் என்ற வார்த்தை அடுத்த வசனத்தில் அவர்களை நோக்கி வருகிறது. மூன்றாம் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில் கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களும். இத்தனை பேருக்கும் சொன்ன பிறகுதான் தசமபாகப் பேச்சு. முன்னால் உள்ளதை விட்டுவிட்டு எட்டாம் வசனத்தை மட்டும், அதுவும் மருத்துவச் செலவில் தத்தளிக்கிற ஒரு குடும்பத்தின் தலையில் இறக்குவது அந்தத் தீர்க்கதரிசிக்குச் செய்கிற நியாயம் இல்லை.

தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்று மல்கியா அடுத்துச் சொல்கிறாரே, அந்தப் பண்டசாலையின் கதை நெகேமியா 13-ல் இருக்கிறது. இரண்டு புத்தகங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. யூதாவின் அதிபதியான நெகேமியா எருசலேமில் இல்லாத சமயத்தில் எலியாசிப் என்ற ஆசாரியன், தன்னோடு சம்பந்தம் கலந்திருந்த தொபியா என்ற செல்வாக்குள்ள மனிதனுக்கு ஆலயத்தில் பெரிய அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்துவிட்டான். அது என்ன அறை? தானியம், திராட்சரசம், எண்ணெய் என்று தசமபாகங்கள் சேர்த்து வைக்கப்பட்ட அறை. திரும்பி வந்த நெகேமியா மனம் நொந்து, தொபியாவின் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் வெளியே எறிந்து, அறையைச் சுத்தம்பண்ணச் சொன்னான். ஆலயப்பணி செய்த லேவியருக்குப் பங்கு கிடைக்காமல் அவர்கள் தங்கள் வயலுக்குப் போய்விட்டது அப்போதுதான் அவனுக்குத் தெரிய வருகிறது. அவன் அதட்டியது தலைவர்களை. அதற்குப் பிறகு ஜனங்கள் தசமபாகங்களைக் கொண்டுவந்தார்கள். உடனே பண்டசாலைகளுக்குப் பொறுப்பாக ஒரு ஆசாரியன், ஒரு வேதபாரகன், லேவியரில் ஒருவன், அவர்களுக்கு உதவியாக இன்னொருவன் என்று ஆட்களை வைத்தான். ஏன் அவர்களை வைத்தான் என்பதற்கும் காரணம் எழுதப்பட்டிருக்கிறது: அவர்கள் உண்மையுள்ளவர்களென்று எண்ணப்பட்டார்கள். அறை சுத்தமாக்கப்பட்டது, தலைவர்கள் கேள்வி கேட்கப்பட்டார்கள், பிறகு ஜனங்கள் கொடுத்தார்கள், நம்பத்தக்கவர்கள் பொறுப்பேற்றார்கள். இந்த வரிசையை உங்கள் கணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

கட்டாயமா என்று கேட்டீர்கள். இல்லை என்பதே என் பதில். நாம் இன்று பேசுவதுபோல ஒரே விதமான தசமபாகம் மோசேயின் சட்டத்தில் இல்லை. எண்ணாகமம் 18-ல் அது நிலத்தில் பங்கில்லாத லேவியருக்குப் போகிறது, அவர்களும் அதிலிருந்து பத்தில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். உபாகமம் 14-க்கு வந்தால், கொடுக்கிறவனே குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும். இடம் தூரமானால் விளைச்சலை விற்று, பணத்தைக் கையில் முடிந்துகொண்டு போய், அங்கே தன் மனதுக்குப் பிடித்ததை வாங்கிச் சாப்பிட்டுச் சந்தோஷப்படலாம். மூன்றாம் வருஷத்தில் அது ஊருக்குள்ளேயே வைக்கப்படும், லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடும்படி. தசமபாகத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன், இந்த விருந்தைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. அந்தச் சட்டத்தின் மனதை அறிந்த ஒரு சபை, உங்கள் வீட்டைப் பார்த்து என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்குமுன் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கும்.

எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் சபை சபையாகப் பணம் சேர்த்தபோது பத்தில் ஒன்று என்ற பேச்சையே எடுக்கவில்லை. வாரத்தின் முதல்நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கட்டும் என்றார். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கட்டும் என்றார். மக்கெதோனியா நாட்டுச் சபையார் தரித்திரத்திலும் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்களே என்று உங்கள் கணவர் கேட்கலாம். கொடுத்தார்கள், ஆனால் தாங்களே மனமுவந்து கொடுத்தார்கள். அதே அதிகாரத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும், மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படி நான் சொல்லவில்லை. ஏறக்குறைய கி.பி. 155-ல் ஆதிச்சபை ஆசிரியர் ஜஸ்டின் ரோமப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில், வசதியுள்ளவர்கள் மனமிருந்தால் தமக்கு உகந்ததைக் கொடுப்பார்கள், அது அநாதைக்கும் விதவைக்கும் நோயாளிக்கும் சிறையிலிருப்பவனுக்கும் அந்நியனுக்கும் போகும் என்று ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். 197-ல் இன்னொரு ஆதிச்சபை ஆசிரியரான தெர்த்துல்லியனும் யாரும் நிர்ப்பந்திக்கப்படுவதில்லை என்று அழுத்திச் சொல்கிறார். கொடுக்காவிட்டால் சபைநீக்கம் என்ற நிலை இன்றைய பிரான்சிலுள்ள மாக்கோனில் கூடிய ஆயர்களின் சங்கம் 585-ல் போட்ட விதியில் வந்தது. 779-ல் பிராங்கியரின் அரசர் சார்லமேன் தசமபாகத்தை அரசாணையாகவே ஆக்கினார்.

கட்டாயமில்லை என்றதும் பணப்பையை மூடிக்கொள்ள நினைப்பவர்களுக்கு இந்தப் பதிலில் ஆதரவு இல்லை. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலே பிழைப்பு உண்டாக வேண்டும் என்று எழுதியவரும் இதே பவுல்தான். போதகர் வீட்டு அடுப்பு எரிவதும், கூரை ஒழுகாமல் இருப்பதும், ஏழைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நம் கையில் இருக்கிறது. வசதியுள்ள பலருக்குப் பத்தில் ஒன்று மிகவும் சிறிய அளவு. உங்களுக்கு இந்த வருஷம் அது மிகவும் பெரிய அளவு.

மொத்தச் சம்பளமா, கைக்கு வருவதா என்பதற்கு வேதத்தில் விதி கிடையாது. இருவரும் ஜெபித்து, பேசி, ஒரு தொகையை முடிவு செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் உக்கிராணக்காரர்கள், அதாவது தேவனுடைய சொத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்றால் பத்துப் பங்கும் அவருடையது. ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு ஒன்பதை நம் இஷ்டப்படி செலவழிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. மெத்தடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் பிரசங்கம் ஒன்றில் ஆக்ஸ்போர்டு நாட்களில் இருந்த ஒரு மெத்தடிஸ்டு இளைஞரைப் பற்றிச் சொல்கிறார். வருஷ வருமானம் 30 பவுண்டு இருந்தபோது 28-ல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது, அப்போதும் 28-ல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். 90 ஆனபோது 62, 120 ஆனபோது 92. வருமானம் ஏறினாலும் செலவு ஏறவில்லை. விகிதத்தை மட்டும் பார்த்தால் முதல் வருஷத்தில் அவர் பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை, கடைசியில் நாலில் மூன்றையும் தாண்டிவிட்டார். உங்கள் கணவருக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தரும் என்று நினைக்கிறேன். இப்போது குறையக் கொடுக்கிற காலம், கடன் தீர்ந்த பிறகு நிறையக் கொடுக்கிற காலம் வரும்.

கணக்குக் கேட்டது தவறா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பாதித்தது உங்களுக்குக் கிடைத்த அந்தப் பதில்தான். உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்பட வேண்டும் என்ற வசனம் காணிக்கை கொடுக்கிறவருக்கு எவ்வளவு பொருந்துமோ, வாங்குகிறவருக்கும் அவ்வளவு பொருந்தும். கர்த்தரிடம் மட்டும் கணக்குக் கொடுத்தால் போதும் என்று பவுல் நினைக்கவில்லை. தர்மப்பணத்தை எருசலேமுக்கு எடுத்துப்போகும்போது தம் உடன் ஊழியனான தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்துக்கொண்டார். காரணத்தையும் எழுதிவைத்தார்: ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட பாதுகாப்பு நம் கமிட்டிகளுக்கு வேண்டாமா?

அதற்கும் முன்னால், பழைய ஏற்பாட்டில், யூதாவின் யோவாஸ் ராஜா. ஆலயத்தைப் பழுதுபார்க்க வந்த பணம் ஆசாரியர் கையில் இருந்தது. அவனுடைய ஆட்சியின் 23-ஆம் வருஷம் வரை பழுது பார்க்கப்படவில்லை. அப்போது ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தின் பக்கத்தில் வைத்தான். பெட்டி நிறைந்தபோதெல்லாம் ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து, எண்ணி, பையில் கட்டினார்கள். வேலைசெய்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று அங்கே ஒரு வசனம் உண்டு, உங்களிடம் யாராவது அதைக் காட்டக்கூடும். அது இரண்டு பேர் எண்ணி முடித்துக் கைமாறிய பிறகு, நாணயமான வேலைக்காரர்களைப் பற்றிச் சொன்னது.

நான் சபையில் காணிக்கை எண்ணும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உறவில்லாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்வோம். மடித்து மடித்துச் சின்னதாகிப்போன நோட்டுகளைப் பிரித்து நீவி அடுக்குவோம். ஒருவர் எண்ணியதை மற்றவர் மறுபடி எண்ணுவார். நோட்டுப் புத்தகத்தில் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டபின்தான் அறைக்கதவு திறக்கும். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு அப்படிச் செய்யவில்லை. அந்த நோட்டுகளை மடித்தவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும், அவர்கள் எதை விட்டுக்கொடுத்துப் போட்டார்கள் என்பதும் ஓரளவு தெரியும். ஏழை விதவையின் இரண்டு காசைப் புகழ்ந்த இயேசு, அதற்குச் சற்று முன்னால் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி எச்சரித்திருக்கிறார். இரண்டும் மாற்கு 12-ல் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஆகவே மறுபடி கேளுங்கள், ஆனால் தனியாகக் கேட்காதீர்கள். இன்னும் நான்கைந்து குடும்பங்களோடு சேர்ந்து, எழுத்தில், மரியாதையாகக் கேளுங்கள். வருஷ வரவு எவ்வளவு, ஊழியருக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு, ஏழைகளுக்கு எவ்வளவு, கணக்கைத் தணிக்கை செய்தவர் யார் என்று ஒரே ஒரு பக்கம் போதும். போதகரைக் குற்றம் சாட்டும் வார்த்தை எதுவும் வேண்டாம். கணக்கு நேராக இருந்தால் அவருக்குத்தான் முதல் நிம்மதி. பதிலே வராவிட்டால், கொடுப்பதை நிறுத்தாதீர்கள், கொடுக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். கணக்குக் காட்டுகிற ஊழியங்கள் உண்டு, பக்கத்து வீட்டில் கஷ்டப்படுகிறவர்களும் உண்டு.

உங்கள் கணவரோடு வாதாட வேண்டாம். பயத்தில் இருக்கிறவர் வாதத்தில் தோற்றாலும் பயம் போகாது. நெகேமியா 13, மாற்கு 7, இரண்டாம் கொரிந்தியர் 8, 9 இவற்றை இரவு ஜெபத்தில் சேர்ந்து வாசியுங்கள். அடுத்த சம்பளத்தில் தம்பிக்கு ஒரு தொகை, அப்பாவின் மருந்துக்கு ஒரு தொகை, சபைக்கு உங்களால் முடிந்தது என்று மூன்று உறைகள் வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் உறை வைக்கும் பழக்கத்தை விடவே வேண்டாம். மாமனார் எப்படி இருக்கிறார் என்றும், சபைக் கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்றும் எழுதுங்கள்.