எலெக்ட்ரிக் கார்: ஐந்து பேர் சொன்னதில் யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 44. மதுரையில் சொந்த வீடு. திருமங்கலம் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போக கையில் வருவது 74,000 ரூபாய். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 18,500. மகள் பிளஸ் ஒன். சேமிப்பு என்று பார்த்தால் எஃப்.டி.யில் இருக்கும் 6 லட்சம்தான். 2014-ல் வாங்கிய பெட்ரோல் காரில் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன், போக வர 32 கி.மீ. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தென்காசியில் மாமனார் வீடு. வண்டி லிட்டருக்கு 15 கி.மீ. தருகிறது, ஆனால் போன வருஷம் ரிப்பேருக்கு மட்டும் 36,000 ஆனது. அதை விற்றால் 1.8 லட்சம் வரும் என்கிறார்கள்.

எலெக்ட்ரிக் கார் ஓட்டுகிறவர்களிடம் கேட்டேன். எங்கள் ஆபீஸுக்கு வரும் டாக்சி டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்கிறார். மாடியில் சோலார் போட்ட நண்பர், ஓட்டுகிற செலவே இல்லை என்கிறார். அபார்ட்மென்டில் இருக்கும் இன்னொருவர், சார்ஜருக்கு அலைந்தே ஓய்ந்துவிட்டேன் என்கிறார். ஒரு உறவினருக்கு முதல் வருஷமே கோளாறு வந்து வண்டி மூன்று வாரம் சர்வீஸ் சென்டரில் நின்றதாம். ஷோரூமில் எலெக்ட்ரிக் 13.2 லட்சம், அதே அளவு பெட்ரோல் கார் 10.4 லட்சம் (ஆன்ரோடு) என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு ஷோரூமில் விற்பனையாளர், பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் விலை பல லட்சம் குறையும் என்கிறார். யாரை நம்புவது? — பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: நீங்கள் கேட்டவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் அவரவர் மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே பிளக் என்பதை வைத்துச் சொல்கிறார்கள். அந்த இரண்டையும் கேட்காமல் "வண்டி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் தலை சுற்றும்.

டாக்சி டிரைவர் மாதம் 4,500 கி.மீ. ஓட்டுகிறார் என்று வையுங்கள். பெட்ரோலில் அதற்கு 30,000 ரூபாய் ஆகும். அவருக்கு எலெக்ட்ரிக் லாபம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பெரும்பாலும் வண்டி டிராவல்ஸ் முதலாளியுடையது. நாலு வருஷம் கழித்து அதை விற்கப்போகும் விலை டிரைவரின் கவலை இல்லை. சோலார் நண்பர் பேனல் வாங்க ஒரு முதல் போட்டிருக்கிறார். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 வந்திருந்தாலும் மீதிப் பணம் அவருடையது. காரின் கணக்கு எழுதும்போது அதை மறந்துவிடுகிறார். அபார்ட்மென்ட்காரருக்கு வீட்டில் பிளக் இல்லை. வெளியில் ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் இருபது ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று கொடுத்தால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் போகும். காத்திருக்கும் நேரம் தனி. உங்களுக்குச் சொந்த வீடு, போர்டிகோவில் பிளக். அவர் கதை உங்களுக்குப் பொருந்தாது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 23 நாள், 32 கி.மீ. என்றால் 736. தென்காசி போக வர 320, அதில் பாதி ஒரு மாதத்துக்கு. ஆக மாதம் சுமார் 900 கி.மீ. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலுக்கு மாதம் 6,060.

கரண்ட் செலவு? எல்லாரும் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்பார்கள். நீங்கள் உங்கள் மீட்டர் பெட்டிக்குள் தொங்கும் வெள்ளை அட்டையை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள், நல்ல காரியம். மே-ஜூன் தவிர மற்ற ரீடிங் எல்லாம் 410, 436, 415 என்று இருக்கிறது. 420 என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மாதத்துக்கு 1,300 ரூபாய்போல் கட்டுகிறீர்கள்.

கார் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து மாதம் 145 யூனிட். இரண்டு மாதத்துக்கு 290. இந்த 290 யூனிட் உங்கள் பில்லின் அடியில் போய் உட்காராது, உச்சியில்தான் ஏறும். 420 என்பது 710 ஆகிவிடும். 500-ஐத் தாண்டினாலே சிக்கல். 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி, 500-க்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட் இரண்டரை ரூபாய்க்கும் கீழே. தாண்டினவருக்கு அதே யூனிட்டுகள் நாலே முக்கால் ரூபாயை ஒட்டி. அதற்கு மேல் 501-லிருந்து எட்டரை ரூபாய்ப் பக்கம், 600-க்கு மேல் ஒன்பதரை. கூட்டிப் பார்த்தால் உங்கள் பில் இரண்டு மாதத்துக்கு சுமார் 2,600 ரூபாய் கூடுகிறது. அதாவது காருக்குப் போகும் யூனிட் ஒவ்வொன்றும் ஒன்பது ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். உங்களைப் போல 400-ஐ ஒட்டி ஓடும் வீடுகளில் இந்தக் கணக்கை ஒரு சேல்ஸ்மேனும் போட்டுக் காட்டி நான் பார்த்ததில்லை.

அப்படியும் மாதம் பெட்ரோல் 6,060 எங்கே, கூடும் கரண்ட் பில் 1,300 எங்கே. 4,750 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 57,000. நல்ல தொகைதான். ஆனால் ஷோரூம் கொட்டேஷன் இரண்டுக்கும் இடையே 2.8 லட்சம் வித்தியாசம். அந்த 2.8 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடனாகப் போட்டால் அதற்கு மட்டும் இ.எம்.ஐ. 5,800. மிச்சமாவது 4,750, கூடுதலாகக் கட்டுவது 5,800. கடன் ஓடும் ஐந்து வருஷமும் கையிலிருந்து போகும், ஏழாவது வருஷத் தொடக்கத்தில்தான் கணக்கு நேராகும். மாதம் 1,800 கி.மீ. ஓட்டுகிறவராக இருந்தால் மிச்சம் 9,000-ஐத் தாண்டும், கதையே வேறு.

ஒரு காலத்தில் இந்த இடைவெளியை வரிச் சலுகைகள் ஓரளவு அடைத்தன. கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை கழிவு தந்த வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவை இன்னும் சிலர் சொல்லி விற்கிறார்கள். அது 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும்தான். எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது, அதனால் எதிராளியும் மலிவாகிவிட்டான். தமிழ்நாட்டில் எலெக்ட்ரிக் காருக்குச் சாலை வரி விலக்கு பல வருஷமாகத் தரப்பட்டது. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள பெட்ரோல் காருக்கு 13 சதவீத வரி என்பதால் இது சின்ன விஷயமில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன், பதிவு செய்யும் தேதியில் விலக்கு நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். கொட்டேஷனில் சாலை வரிக்கு நேரே சைபர் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

பேட்டரி வாடகைத் திட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எம்.ஜி. விண்ட்சர் என்ற எலெக்ட்ரிக் கார் 2024 செப்டம்பரில் வந்தபோது பேட்டரியோடு 13.5 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், வாடகை கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று அறிவித்தார்கள். வித்தியாசம் மூன்றரை லட்சம், வாடகை மூன்றரை ரூபாய். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் பேட்டரி விலை முழுதும் கட்டி முடிந்துவிடும். இது போன்ற ஒப்பந்தங்களில் நான் முதலில் தேடுவது, மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்ற வரியை. 1,500 என்று இருந்தால் நீங்கள் 900 ஓட்டினாலும் 5,250 ரூபாய் கட்ட வேண்டும். அது கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 83 காசு. அதோடு கரண்ட் ஒன்றரை. மொத்தம் ஏழு ரூபாய்க்கு மேல். உங்கள் பழைய பெட்ரோல் வண்டியே 6 ரூபாய் 73 காசில் ஓடுகிறது! உங்களுக்கு இது வேண்டாம்.

இனி உங்களால் எவ்வளவு முடியும் என்பது. வீட்டுக் கடனும் கார் கடனும் சேர்ந்து சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத கோடு. 74,000-இல் அது 29,600. வீட்டுக் கடன் போக 11,100 மிஞ்சுகிறது. ஐந்து வருஷத்துக்கு 9 சதவீதத்தில் அந்த இ.எம்.ஐ.க்குக் கிடைப்பது 5.35 லட்சம். 13.2 லட்சம் வண்டிக்கு மீதி 7.85 லட்சம் கையிலிருந்து வேண்டும். பழைய காரை விற்று, எஃப்.டி.யை முழுதும் உடைத்தால் 7.8 லட்சம். சுத்தமாகத் துடைத்துவிட்டு நிற்பீர்கள், மகள் கல்லூரிக்குப் போகும் நேரத்தில். ஆகவே புது எலெக்ட்ரிக் கார் இப்போது வேண்டாம். புது பெட்ரோல் காரும்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழைய எலெக்ட்ரிக் கார் தேடுவேன். எலெக்ட்ரிக் கார்களின் விலை முதல் மூன்று வருஷத்தில் வேகமாக இறங்குகிறது. புதிதாக வாங்கியவருக்கு அது வலி, இரண்டாவதாக வாங்குகிறவருக்கு லாபம். டாடாவின் எலெக்ட்ரிக் காரான நெக்ஸான் ஈ.வி. 2020 ஜனவரியிலேயே வந்துவிட்டதால் அதன் 30.2 கிலோவாட் ஹவர் பேட்டரி வண்டிகள் பழைய சந்தையில் கிடைக்கின்றன. (கிலோவாட் ஹவர் என்றால் பயப்பட வேண்டாம், நம்ம ஈ.பி. யூனிட்தான் அது. முப்பது யூனிட் பிடிக்கும் தொட்டி.) கம்பெனி சொன்ன தூரம் 312 கி.மீ., ரோட்டில் ஓடுவது இருநூறை ஒட்டி. தினசரி 32 கிலோமீட்டருக்கு இது தாராளம். பெரிய பேட்டரிக்காக இன்னும் மூன்று லட்சம் போடச் சொல்லும் நண்பர்கள் மாதம் எத்தனை தடவை இருநூறு கிலோமீட்டர் தாண்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பட்ஜெட் 7.2 லட்சம். பழைய கார் 1.8, எஃப்.டி.யிலிருந்து 1.2, கடன் 4.2 லட்சம். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி 12 சதவீதம் என்றே வைக்கிறேன், நாலு வருஷத்துக்கு இ.எம்.ஐ. 11,060. பெட்ரோல் மிச்சம் 4,750, பழைய வண்டியின் ரிப்பேர் மாதம் 3,000 போனால் உண்மையில் கூடுதல் சுமை மாதம் 3,300 ரூபாய்போல். இன்ஷூரன்ஸில் கொஞ்சம் ஏறும். மூன்றாம் நபர் பிரீமியத்தில் எலெக்ட்ரிக்குக் கழிவு உண்டு, ஆனால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் வண்டியின் மதிப்பைப் பார்த்துத்தான் போடுவார்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தண்ணீர் புகுந்தால் கவர் உண்டா என்று பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் வாங்குங்கள். எஃப்.டி.யில் 4.8 லட்சம் தொடாமல் இருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனையில் கறாராக இருங்கள்: கடன் முடியும் முன் பேட்டரி வாரண்டி முடியக் கூடாது. பெரும்பாலான கார்களுக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. வாங்கி நாலு வருஷம் ஆகாத வண்டியாகப் பாருங்கள். இப்போது சில கம்பெனிகள் "ஆயுள் முழுக்க பேட்டரி வாரண்டி" என்று விளம்பரம் செய்கின்றன. அது முதல் உரிமையாளருக்கு மட்டும், கை மாறினால் குறிப்பிட்ட வருஷக் கணக்குதான் என்று உள்ளே இருக்கும். விற்கிறவர் அதைக் காட்டி விலை ஏற்றப் பார்ப்பார், ஏமாறாதீர்கள். பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் நடையைக் கட்டுங்கள். உங்கள் உறவினருக்கு நேர்ந்தது யாருக்கும் நேரலாம். அதனால் பக்கத்திலேயே, மதுரைக்குள், எலெக்ட்ரிக் வேலை தெரிந்த சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்டாகப் பாருங்கள். விலையில் இருபதாயிரம் குறைவு என்பதற்காக வேறு பிராண்டுக்குப் போக வேண்டாம்.

இந்த விலையில், இந்த வாரண்டியோடு வண்டி அமையவில்லையா? பழைய காரையே மகள் கல்லூரி சேரும்வரை ஓட்டுங்கள். வருஷம் 36,000 ரிப்பேர் என்பது மாதம் 3,000. எந்த இ.எம்.ஐ.யும் அவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

தென்காசிப் பயணம் ஒரு வழி 160 கி.மீ. ஏ.சி. போட்டு நாலுவழிச் சாலையில் தொண்ணூறில் போனால் அந்த இருநூறு கி.மீ. என்பது நூற்றெழுபதாகக் குறைந்துவிடும். போகும்போது ராஜபாளையம் பக்கம் டீ குடிக்க நிற்கிற அரை மணி நேரத்தில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், அடுத்த முறை போகும்போது மாமனார் வீட்டு வாசலில் 15 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து பாருங்கள். இல்லையென்றால் உங்கள் செலவில் போட்டுக் கொடுங்கள். ராத்திரி முழுக்க அங்கே சார்ஜ் போடப் போகிறீர்கள், அந்த யூனிட்டெல்லாம் அவர் வெள்ளை அட்டையில் ஏறும்.