அம்மாவுக்கு 74 வயது, நன்றாகத்தான் நடக்கிறார். விழும் அபாயம் இருக்கிறதா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த பிறகுதான் பெரும்பாலும் கூப்பிடுகிறார்கள், நீங்கள் முன்பே கேட்பது ரொம்ப நல்ல விஷயம்.

போன ஒரு வருடத்தில் விழுந்தாரா என்பதுதான் முதல் கேள்வி, அடிபடாமல் விழுந்திருந்தாலும் கணக்குதான், ஏனென்றால் ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். ஆனால் நேராகக் கேட்டால் மறைத்துவிடுவார்கள், அப்புறம் கோயிலுக்குக்கூடத் தனியாக விடமாட்டீர்களே என்ற பயம். "எங்கயாவது கால் தடுக்குச்சாம்மா, செவுத்தப் பிடிச்சுக்கிட்டீங்களா" என்று பேச்சுவாக்கில் கேளுங்கள்.

அடுத்து ஒரு சின்னப் பரிசோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். நேரத்தைவிட நான் அதிகம் பார்ப்பது திரும்பும் இடத்தைத்தான்: அங்கே தடுமாறுகிறாரா, குட்டிக் குட்டி அடியாக வைக்கிறாரா, நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிறாரா?

வீட்டில் பிபி மெஷின் இருக்கும், ஆனால் எல்லோரும் உட்கார வைத்தே பார்க்கிறார்கள். 5 நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது கிறுகிறுத்து விழ அதுவே போதும். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாமே இப்படி விழும் அபாயத்தைக் கூட்டலாம், அதனால் மாத்திரைப் பையை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

சர்க்கரை இருந்தால் பாதம் மரத்திருக்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் பாத்ரூம் கைப்பிடி, ராத்திரி விளக்கு, தேய்ந்த செருப்பு, வழுக்கும் கால்மிதி, இவை ஒரே நாளில் முடிகிற வேலை.

ஆனால் நினைவு தப்பி விழுந்தாலோ, எப்படி விழுந்தேன் என்றே ஞாபகம் இல்லை என்றாலோ இந்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.