அரபாஹோ எந்த வீட்டுப் பிள்ளை?

கே: வட அமெரிக்கப் பழங்குடி மொழியான அரபாஹோ, அங்கே பரவிய அல்கோன்கியக் குடும்ப மொழி என்கிறார்கள். அதே குடும்பத்தின் க்ரீ, ஓஜிப்வே சொற்களோடு வைத்துப் பார்த்தால் ஒட்டவே இல்லையே?

ப: காதுக்கு ஒட்டாதுதான். ஒலிகள் ஒழுங்காக மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மூல அல்கோன்கியத்தின் (இம்மொழிகளுக்கெல்லாம் தாயான, ஒப்பிட்டு மீட்டெடுத்த மொழி) 'ப்' அரபாஹோவில் 'க்' ஆனது. 'வ்' 'ந்' ஆனது. முயல் க்ரீயில் வாபோஸ், அரபாஹோவில் நோக்கு (தமிழ் 'நோக்கு'க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை). ஓஜிப்வேயில் தண்ணீர் நிபி; அரபாஹோவில் நெச். இங்கே 'ப்' முதலில் 'க்' ஆகி, இகரத்தின் பக்கத்தில் 'ச்' ஆயிற்று.

பலர் சறுக்குவது 'க்' விஷயத்தில். க்ரீயின் 'க்'குக்கு இணையாக அரபாஹோவில் 'க்' தேடாதீர்கள். பழைய 'க்' உதிர்ந்துவிட்டது. 'உன்' என்னும் முன்னொட்டு க்ரீயில் கி-, அரபாஹோவில் ஹெ-. 'க்' போனபின் சொல் உயிரெழுத்தில் தொடங்கக் கூடாதென்று 'ஹ்' வந்து சேர்ந்தது.

கே: ஒப்பிட எங்கே தொடங்கலாம்?

ப: எண்கள், உடலுறுப்புகள், விலங்குப் பெயர்கள். இன்றைய க்ரீயை விட, மீட்டுருவாக்கிய மூலவடிவத்தோடு ஒப்பிடுவது நல்லது. தனி மெய்களை முதலில் முடியுங்கள். கூட்டு மெய்கள் தலைவலி. ஒரே சொல்லில் மட்டும் கிடைக்கும் ஒலி இணையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கே: இலக்கணத்தில் சாட்சி உண்டா?

ப: நிறைய. உயிருள்ளது, உயிரற்றது என்ற பால் பாகுபாடு (விலங்குகளும் உயிருள்ள பக்கமே, ஆகவே நம் திணைப் பாகுபாடு அல்ல), நாம்-நாங்கள் வேறுபாடு, கதையில் இரண்டு படர்க்கையர் வந்தால் ஒருவரைப் பின்னுக்குத் தள்ளும் தனி விகுதி, எல்லாம் குடும்பச் சொத்து.

வினைச்சொல்லில்தான் கவனம் வேண்டும். க்ரீயில் தலைமை வாக்கிய வினை முன்னொட்டு ஏற்கும். சார்பு வாக்கிய வினைக்குப் பின்னொட்டுகளே போதும். அரபாஹோவின் சாதாரண உடன்பாட்டு வாக்கியம் அந்தச் சார்பு வடிவத்திலிருந்து வந்தது! பழைய முன்னொட்டுகள் எதிர்மறையிலும் ஆம்-இல்லை கேள்வியிலும் தங்கிவிட்டன. தலைமை வினையைத் தலைமை வினையோடு வைத்தால் எதுவும் பொருந்தாது. க்ரீயின் சார்பு வினையோடு வையுங்கள்.

கே: அதே குடும்பத்தின் ஷையென், பிளாக்ஃபூட் மொழிகள் அரபாஹோவுக்கு நெருங்கிய உறவா?

ப: இல்லை. 'சமவெளி அல்கோன்கியம்' என்பது புவியியல் தொகுப்பு மட்டுமே. மூன்றும் தனித்தனியே பிரிந்தவை. ஓக்லஹோமாவில் ஷையென்னும் தெற்கு அரபாஹோவும் ஒரே பழங்குடி அரசின் கீழ் இருந்தாலும் ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காது. உடன்பிறப்பு என்றால் மொன்டானாவின் க்ரோ வான்ட்ர் மொழிதான்.