ஹோமோன் மருந்து, சொந்தக் காசு: கேள்வி பதில்

ஹட்டன் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டொக்டர் இல்லை. எத்தனை மில்லிகிராம் குடிப்பது என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கே மலிவு, எப்படி வாங்குவது, எதைச் செய்யக்கூடாது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

தலவாக்கலை: ஐயா, எனக்குத் தைரொயிட் குறைவு. மாதாமாதம் டவுனில் காசு கொடுத்துத் தனியார் டொக்டரைச் சனல் பண்ணி, மருந்தும் வெளியில் வாங்குகிறேன். கொழுந்து எடுக்கிற காசு அதற்கே போகிறது. காப்புறுதி எதுவும் கிடையாது. என்ன வழி?

தங்கச்சி, நம் நாட்டில் கிளினிக் கொப்பிதான் ஏழையின் காப்புறுதி. கையில் இருக்கிற பழைய ரிப்போர்ட், டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவு) போங்கள். டிக்கோயா, நுவரெலியா, எது கிட்டவோ அது. மெடிக்கல் கிளினிக்குக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சாதாரணத் தைரொயிட் குறைவுக்குக் கண்டியில் இருக்கிற ஹோமோன் நிபுணரிடம் ஓட வேண்டியதில்லை. கழுத்தில் கட்டி, கர்ப்பம், அளவு நிலைக்காமல் ஏறி இறங்குவது, இப்படி இருந்தால் அவர்களே அனுப்புவார்கள்.

மாதாமாதம் டொக்டரைப் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இரத்தத்தில் டிஎஸ்எச் (தைரொயிட் குறைந்தால் ஏறும், மருந்து பிடித்தால் இறங்கும்) பார்க்க வேண்டும். நிலைத்துவிட்டால் 6 மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை போதும். கிளினிக் நாளில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும், தெரியும். அதனால் இரண்டு மாத மருந்து தர முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கையிருப்பு இருந்தால் சில இடங்களில் கொடுப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று வெளியில் வாங்க எழுதித் தந்தால் (2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இது யாருக்கும் புதிதில்லை) முதலில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடையான ஒசுசலவில் கேளுங்கள். தனியார் கடைக்குப் போனாலும் கம்பனிப் பெயரைச் சொல்லாமல், தைரொக்சின் மாத்திரையின் மருந்துப் பெயரைச் சொல்லி, 'லெவோதைரொக்சின், இருப்பதில் மலிவானது எது?' என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

இன்னொன்று. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் குடியுங்கள். பிளேன்டீயோடு குடிக்கவே குடிக்காதீர்கள். டீக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் முன்னால். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி இடைவெளி. நம் பெண்களில் பாதிப் பேர் இரும்புச்சத்தையும் தைரொக்சினையும் ஒரே வாயில் போட்டு டீயால் இறக்குகிறார்கள். பிறகு அளவு போதவில்லை என்று டொக்டர் கூட்டுகிறார்.

நோர்வூட்: ஐயா, பால் டீ என்றால் பரவாயில்லையா?

இல்லை. பாலில் கல்சியம் இருக்கிறது.

இராகலை: வயது 49, மாதவிடாய் நிற்கிற காலம். இந்தக் குளிரிலும் ராத்திரி வியர்த்து உடுப்பு நனைந்து போகிறது. ஹோமோன் மாத்திரை போட்டால் சரியாகும் என்கிறார்கள். விலை கேட்டுத் தலை சுற்றியது.

முதலில் காசு செலவில்லாத வேலை. எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள், தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் நாளைச் சொல்வார். பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பை வாசல் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரியின் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கலாம். இந்த மருந்து அரசாங்கக் கையிருப்பில் எப்போதும் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிபுணரைப் பார்க்கிற காசு மிச்சம்.

மருந்து வாங்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. கர்ப்பப்பை இருக்கிற பெண்ணுக்கு ஈஸ்ட்ரஜனோடு புரொஜெஸ்ட்ரோனும் சேர வேண்டும். இரண்டு மாத்திரையில் ஒன்று விலை கூட என்று அதை மட்டும் விடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஈஸ்ட்ரஜன் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்கும், நாளடைவில் புற்றுநோய் வரை போகலாம். விலை கட்டாது என்றால் இரண்டையும் நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள், ஒன்றை விடாதீர்கள். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், காலில் இரத்தம் கட்டியவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள் தாமாக இதைத் தொடவே கூடாது.

ஹட்டன்: அண்ணே, நான் திருநங்கை. வீட்டில் தெரியாது. கடையில் மிதுரி வாங்கி ஒரு நாளைக்கு நாலு போடுகிறேன். வேறு வழி தெரியவில்லை.

தங்கச்சி, அதை இன்றைக்கே நிறுத்துங்கள். மிதுரி குடும்பத் திட்ட மாத்திரை. அதிலிருக்கும் எதினைல் ஈஸ்ட்ரடையோல் இரத்தத்தைக் கட்ட வைக்கும். ஒன்று போடுபவர்களுக்கே அந்த ஆபத்து உண்டு, நீங்கள் நாலு போடுகிறீர்கள். சிகரெட்டும் இருந்தால் இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

முறையான வழி இருக்கிறது, அதுவும் இலவசமாகவே. அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் தொடங்கும். 'எனக்கு என்ன பைத்தியமா' என்று கோபிக்காதீர்கள். ஹோமோனுக்கு எழுதி அனுப்புவது அவர்கள்தான். 2016 இல் சுகாதார அமைச்சு விட்ட சுற்றறிக்கையின்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் தருவதும் மனநல நிபுணர்தான், பிறப்புச் சான்றிதழை மாற்ற அது தேவை. பிறகு ஹோமோன் நிபுணர். அதற்குக் கண்டி தேசிய வைத்தியசாலை. ஊர்க் கண் படாமல் போக நினைப்பவர்களுக்கும் கண்டி வசதி. எழுதுவது பெண் ஹோமோனான ஈஸ்ட்ரடையோல், அதோடு ஆண் ஹோமோனை அடக்க ஸ்பைரோனோலக்டோன் மாதிரி ஒன்று. பின்னதற்கு இரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும். கடைக்காரர் அதைப் பார்ப்பாரா?

பதுளை: நான் பாமசி நடத்துகிறேன். ஒசுசல, மலிவு என்று மக்களை ஏமாற்றாதீர்கள். அரசாங்க மாத்திரை வெறும் சுண்ணாம்பு. கம்பனி மருந்துக்கு மாறியதும் என் கஸ்டமர்களுக்கு டிஎஸ்எச் இறங்குகிறது.

உங்கள் கஸ்டமர்களுக்கு டீயைப் பற்றி நீங்கள் சொல்லியிருப்பீர்கள், அதில் இறங்கியிருக்கும். தைரொக்சினில் சின்ன வித்தியாசமும் இரத்தத்தில் தெரியும் என்பது உண்மை. அதனால்தான் ஒரே தயாரிப்பில் நில்லுங்கள், மாறினால் ஆறு வாரத்தில் சோதியுங்கள் என்கிறோம். மலிவிலிருந்து விலைக்குப் போனாலும் அதே விதி. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் யோசனையில் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்ததே, பெயருக்குக் காசு கொடுக்காமல் மருந்துக்குக் காசு கொடுக்கத்தான்.

பதுளை: அப்போ 2023 போலி இம்யூனோகுளோபியூலின் ஊசி மருந்து விவகாரம்? அதுவும் அரசாங்கம் வாங்கியதுதானே?

ஆமாம், அந்தக் கோபம் நியாயம். அது கொள்வனவில் நடந்த மோசடி. ஆனால் மூன்று மடங்கு விலை கொடுத்தால் மோசடி நடக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? பெட்டியையும் காலாவதித் திகதியையும் பார்த்து, பில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பில் கேட்டால் முகம் சுளிக்கிற கடைகளைப் பற்றியும் நீங்கள் எழுதலாமே.

பண்டாரவளை: சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். டொக்டர் கம்பனிப் பெயரை மட்டும்தான் எழுதுகிறார், நான் என்ன செய்வது?

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க மருந்துச் சட்டப்படி மருந்தின் பொதுப் பெயரை, அதாவது கம்பனிப் பெயரை அல்ல, உள்ளே இருக்கிற மருந்தின் பெயரை, எழுத வேண்டும். 'டொக்டர், மருந்தின் பெயரையும் எழுதிவிடுங்கள்' என்று மரியாதையாகக் கேளுங்கள்.

பதுளை: டொக்டர் எழுதியதை மாற்ற நீங்கள் யார்?

மாற்றச் சொல்லவில்லை. கேட்கச் சொன்னேன். திரும்ப வாசியுங்கள். இதோடு இந்தப் பேச்சு போதும்.

பொகவந்தலாவை: மாத்திரை உறைக்குள்ளேயே ஓரம் உதிர்ந்து மாவாகிறது. அதுவும் மோசடியா?

ஈரம். எண்ணிப் போட்டுத் தருகிற கடதாசி உறை நம் ஊர் மழையிலும் மூட்டத்திலும் நமுத்துப் போகும், மாத்திரை மென்மையாகி ஓரத்திலிருந்து உதிரும். முடிந்தால் அட்டையோடு கேளுங்கள். இல்லாவிட்டால் நன்றாகக் காய்ந்த, மூடி இறுகிய போத்தலில் போட்டு அலுமாரியில் வையுங்கள். காயட்டும் என்று அடுப்புக்கு மேல் வைக்காதீர்கள், சூடும் ஆகாது. உதிர்ந்ததைக் குடிக்க வேண்டாம்.

மஸ்கெலியா: டீக்குப் பதிலாகக் கோப்பி?

அதுவும் ஆகாது. தண்ணீர் என்று எழுதினேன்.

கொட்டகலை: அம்மா இன்சுலின் போடுகிறார். அதுவும் ஹோமோன்தானே?

ஹோமோன்தான். ஆனால் அதற்குத் தனி நாள் வேண்டும். திறந்த குப்பியைப் பொதுவாக 28 நாளுக்கு மேல் வைக்காதீர்கள், இப்போதைக்கு அவ்வளவுதான்.

அட்டன், ஆண், 22: உடம்பு வைக்க டெஸ்டஸ்டரோன் ஊசி மலிவாக எங்கே?

தம்பி, சோறு சாப்பிடுங்கள்.

ஹப்புத்தளை: குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன். தைரொக்சின் கொண்டு போகலாமா?

மருந்தை அதன் பெட்டியோடு கொண்டு போங்கள். கிளினிக் டொக்டரிடம் நோயின் பெயரும் மருந்தின் பொதுப் பெயரும் போட்டு இங்கிலீஷில் ஒரு கடிதம் வாங்கி, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போகுமுன் ஒரு தடவை டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள். அங்கே வீட்டுக்கார அம்மா விடிந்ததும் முதலில் டீதான் தருவார். மாத்திரை அதற்கு முன்னால்.

நானுஓயா: ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் இரண்டு போடலாமா?

வேண்டாம். தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட ஒரு வாரம் எடுக்கும். ஒரு நாள் போனால் ஒன்றும் ஆகாது, வழமைபோல் தொடருங்கள்.

தலவாக்கலை, இன்னொருவர்: துண்டு இல்லாமல் தருகிற கடை ஒன்று சொல்லுங்கள் ஐயா.

மாட்டேன். ஓபிடி இருக்கிறது, போங்கள்.